விலாங்கு முட்டையிடும் கடல்

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. இரு திறத்தாரிடமும் நல்லவனாக நடந்து தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் மனிதனை இகழ்வதற்கு நம் முன்னோர் இவ்வுவமையைக் கையாண்டனர். விலாங்கின் வரலாற்றை அவர்கள் முழுவதும் அறிந்திருந்தால் வஞ்சகனுக்கு அதனை உவமை கூறத் துணிந்திருப்பார்களா என்பது ஐயமே. பிறந்த கடலைத் தேடி ஆறுகளையும் ஆழ்கடலையும் கடந்து சென்று, அங்கே வாழ்நாளில் ஒரே ஒரு முறை முட்டையிட்டு, அத்துடன் உயிரை விடும் பிராணி அது.

மாத்தளை கடலைக் காணாத மாவட்டம். நாற்புறமும் நிலமும் மலையுமே அதன் எல்லை. ஆயினும் சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் களு கங்கையிலும் கற்பொந்துகளில் ஒளிந்து வாழும் விலாங்கு ஒவ்வொன்றும் கடலிலே பிறந்தது என்றால் வாசகர்கள் வியப்புறுவர். வியப்புறினும் உண்மை அதுவே. சிங்கள மக்கள் ஆந்தா என வழங்கும் இம்மீனைப் பழந்தமிழர் மலங்கு என்றனர். நம் நன்னீர்நிலைகளில் இதன் இனங்கள் இரண்டு உள. ஒன்று உடலில் மங்கிய கோலங்கள் படர்ந்தது, நீண்ட முதுகுச் செட்டையை உடையது. மற்றையது கோலமின்றி ஒரே நிறமாயுள்ளது, செட்டை குறுகியது. ஆரல் மீனைக் கண்டு விலாங்கென மயங்குவாரும் உளர். ஆரலின் முதுகில் வரிசையாக முட்கள் உண்டு. விலாங்கை வருடிப் பார்த்தால் வழுவழுப்பைத் தவிர வேறொன்றும் கையிற் படாது.

ஆற்று மீன்களை அறுத்துச் சமைக்கும் இல்லத்தரசிகளுக்கு ஒன்று தெரியும். கெண்டையின் வயிற்றிலும் விராலின் வயிற்றிலும் பருவகாலத்தில் முட்டைத் திரள் இருக்கும். ஆற்று விலாங்கின் வயிற்றிலோ முற்றிய சினையை எந்தக் காலத்திலும் எவரும் கண்டதில்லை. ஓடையில் விலாங்கு முட்டையிட்டதைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடிய மனிதன் உலகில் எந்நாட்டிலும் இல்லை.

முட்டையில்லாத மீனின் கதை

இந்தப் புதிர் புதியதன்று. இற்றைக்கு ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டோட்டில் விலாங்குகளை ஆராய்ந்து, ஆணும் பெண்ணும் காணாமல், முட்டையும் காணாமல், ஈரமண்ணிலிருந்து அவை தாமாகத் தோன்றுகின்றன என்று முடிவு கட்டினார். இன்று நாம் இதனைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் கொண்டு முடிவு செய்வதாயின் வேறு எவ்வாறு கூறியிருக்க முடியும்? விலாங்கின் பெண்ணுறுப்பை இத்தாலி நாட்டின் பொலோஞா நகரத்து மொந்தினி என்பவர் அடையாளங் கண்டதே 1777ஆம் ஆண்டிலேதான். மனோதத்துவத் துறையிற் பின்னர் உலகப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட், மாணவராயிருந்த காலத்தில் 1876ஆம் ஆண்டு திரியெஸ்த் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டு, ஏறக்குறைய 400 விலாங்குகளை அறுத்து ஆண் விலாங்கின் விந்துறுப்பைத் தேடினார். திட்டமான விடை அவருக்குக் கிட்டவில்லை. மனித மனத்தை ஆராயப் புறப்படுமுன் அவர் தோற்றுத் திரும்பியது ஒரு மீனிடத்தில் என்பது பலர் அறியாத செய்தி.

இதற்கிடையில் மத்தியதரைக் கடலில் மூங்கிலிலை போல் தட்டையாகவும் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாகவும் உள்ள சின்னஞ்சிறு மீனொன்று 1856ஆம் ஆண்டில் தனியினமெனப் பெயரிடப்பட்டிருந்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து, கிராசி, கலந்துருச்சியோ என்ற இத்தாலிய அறிஞர் இருவர், அந்த இலைமீன் வேறினமன்று, விலாங்கின் குழந்தையே அது என்பதை நிறுவினர். குழந்தை கடலில் இருந்தால் தாய் முட்டையிட்டதும் கடலிலேதான் இருக்கவேண்டும். எக்கடலில்?

இவ்வினாவுக்கு விடை தேடியவர் டென்மார்க்கைச் சேர்ந்த யொகானஸ் ஸ்மித். 1904ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் பரோ தீவுகளுக்கு மேற்கே ஏறக்குறைய மூன்று அங்குல நீளமுள்ள இலைமீன் ஒன்று அவருடைய வலையில் அகப்பட்டது. அவர் கைக்கொண்ட உபாயம் மிக எளியது. எளியதாயினும் அதனைச் செய்து முடிக்கப் பதினெட்டு ஆண்டுகளும் ஒரு மகாயுத்தமும் கழிந்தன. குழந்தை எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குப் பிறந்த இடம் அருகிலிருக்கும் அன்றோ? ஆதலால் சமுத்திரம் முழுவதும் வலைவீசி, அகப்பட்ட குஞ்சுகளை அளந்து, நீளம் குறையக் குறைய அத்திசை நோக்கி அவர் சென்றார். கடைசியில் மிகச் சிறிய குஞ்சுகள் யாவும் பேர்மியூடாத் தீவைச் சூழ்ந்த சார்கசோக் கடலின் தென்பகுதியிலேயே கிடைக்கின்றன என்று 1922ஆம் ஆண்டளவில் உலகுக்கு அறிவித்தார். ஐரோப்பாவின் ஆறுகளிலிருந்து அவ்விடம் ஐயாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது.

சார்கசோ என்பது கரையே இல்லாத கடல். நாற்புறமும் சமுத்திர நீரோட்டங்களே அதற்கு எல்லை. மேலே கபில நிறக் கடற்பாசி மிதந்து திரிகின்றது. அங்கே ஒரு விலாங்கு முட்டையையாவது, முட்டையிடும் தாயையாவது மனிதன் கண்டானா எனில், ஸ்மித் அறிவித்து நூறாண்டு சென்ற பின்னும் இல்லை. அசோர்ஸ் தீவுகளில் செயற்கைக்கோள் குறிகாட்டிகள் பொருத்தி விடப்பட்ட 26 விலாங்குகளுள் சில சார்கசோவைச் சென்றடைந்தன என்ற செய்தி 2022ஆம் ஆண்டிலேதான் வெளியாயிற்று.

யப்பானியர் இவ்வகையில் நற்பேறு பெற்றவர்கள். பேராசிரியர் கத்சுமி த்சுகமோத்தோ தலைமையிற் சென்ற குழுவினர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், பசிபிக் சமுத்திரத்தின் மரியானா கடலடி மலைத்தொடருக்கு மேற்கே, அமாவாசைக்குச் சில நாட்கள் முன்னதாக, யப்பானிய விலாங்கின் முட்டைகளை வலையிட்டு எடுத்தனர். கிடைத்தவை 31. ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றே மிகுந்த குறுக்களவுள்ளது. எல்லையற்ற சமுத்திரத்திலிருந்து கடுகளவான 31 முட்டைகளைப் பொறுக்கியெடுத்த இச்செயல், நம் மாணவர்கள் பாடப்புத்தகத்திற் படிக்கும் பல படையெடுப்புகளிலும் பெரிதென்பது என் கருத்து.

நம் விலாங்கின் தாயகம் எது? டேனியக் கப்பலாகிய டானா 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றி வந்து சேர்த்த குஞ்சுகளை யெஸ்பெர்சன் என்பவர் ஆராய்ந்து 1942ஆம் ஆண்டில் வெளியிட்டார். செட்டை குறுகிய விலாங்கின் இளங்குஞ்சுகள் சுமாத்திராத் தீவுக்கு மேற்கேயுள்ள இந்து சமுத்திர ஆழ்கடலிற் கிடைத்தமையால், அவ்வினம் முட்டையிடும் இடங்களுள் ஒன்று அங்கேயுள்ளது எனக் கொள்ளப்படுகின்றது. திருகோணமலையிலிருந்து அவ்விடம் ஈராயிரம் கிலோமீற்றருக்கும் அதிக தூரத்திலுள்ளது. இந்து சமுத்திரத்திற் பிறக்கும் இலைமீன்கள் நீரோட்டத்தில் மிதந்து, கரையை அணுகுகையில் உருண்ட உடல்பெற்றுக் கண்ணாடிக் குஞ்சுகளாகி, ஆற்று முகத்துவாரங்களிற் புகுந்து, நிறமடைந்து மேலே ஏறத் தொடங்குகின்றன. மகாவலி கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்குமிடத்திலிருந்து மாத்தளை மலையடிவாரம் வரை விரல்நீளப் பிள்ளை எதிர்நீச்சலிட்டு வரும் தூரத்தை வாசகர்கள் தேசப்படத்தில் விரலால் அளந்து பார்க்கலாம்.

வேலியிடக்கூடிய கடலும் வேலியிட இயலாத கடலும்

இத்தகைய மீன் இன்று பல நாடுகளில் அருகிவிட்டது. ஐரோப்பியக் கரைகளுக்கு ஆண்டுதோறும் வந்துசேரும் குஞ்சுகளின் தொகை 1980ஆம் ஆண்டுக்குப் பின்னர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2008ஆம் ஆண்டில் ஐரோப்பிய விலாங்கை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக வகுத்தது. 2014ஆம் ஆண்டில் யப்பானிய விலாங்கும் அமெரிக்க விலாங்கும் அழிவை எதிர்நோக்கும் இனங்களாயின. நம் நாட்டு இனங்கள் இரண்டும் அபாயத்தை நெருங்கியவை என்ற வகுப்பில் உள்ளன. பண்ணைகளில் வளர்க்கிறார்களே என்று கேட்கலாம். பண்ணை விலாங்குகள் யாவும் கடற்கரையிற் பிடித்த குஞ்சுகளே. யப்பானிய ஆய்வுகூடத்தில் 2010ஆம் ஆண்டில் முட்டை முதல் முட்டை வரை ஒரு சுற்று நிறைவு பெற்றதாயினும், சந்தைக்கு வேண்டிய அளவிற் குஞ்சு பொரிக்கும் வழி கைகூடவில்லை. ஐரோப்பியக் குஞ்சுகளை வெளியே ஏற்றுமதி செய்வது 2010ஆம் ஆண்டிலிருந்து நிறுத்தப்பட்டபின், கீழைத்தேய வணிகரின் கண் நம்முடைய செட்டை குறுகிய இனத்தின் மேல் விழுந்தது என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும்.

அருகிவரும் மீனைக் காப்பதற்கு முதற்கண் அது முட்டையிடும் இடத்தைக் காத்தல் வேண்டும் என்பது யாவருக்கும் தோன்றும் நியாயம். அந்நியாயம் கைகூடிய இடமும் உண்டு. நம் கடற்கரைச் சந்தைகளிற் காணப்படும் கலவாயின் இனத்தைச் சேர்ந்த நசாவுக் கலவாய் என்ற மீன் கரீபியன் கடலில் வாழ்கின்றது. ஆண்டு முழுவதும் தனித்தனியே திரியும் இம்மீன்கள், மாரிகாலத்துப் பூரணையை அடுத்த சில நாட்களில் மட்டும், பவளப்பாறையின் விளிம்பிலே குறித்த ஓரிடத்தில் ஆயிரக்கணக்கிற் கூடி முட்டையிடும். இடமும் நாளும் மாறா. ஆதலால் அதனை அறிந்துகொண்ட மீனவன் சில இரவுகளில் பல்லாண்டுச் செல்வத்தை வாரிக்கொண்டு போய்விடுவான். அடுத்த பூரணைக்கு அங்கே கூட்டம் இராது. இவ்விதமாகக் கரீபியனில் அழிந்த கூட்டங்கள் பல.

கேமன் தீவுகளுள் மிகச் சிறியதாகிய சிறிய கேமனின் மேற்கு முனையில் 2001ஆம் ஆண்டில் ஏறக்குறைய 7000 மீன்கள் கூடும் இடமொன்றை மீனவர் கண்டனர். இரண்டே மாரிகளில் சுமார் 4000 மீன்கள் பிடிபட்டன. 2003ஆம் ஆண்டில் அரசாங்கம் அங்கே முட்டையிடும் காலத்தில் மீன்பிடித்தலைத் தடைசெய்தது. மறு ஆண்டே பலன் கிடைத்துவிடவில்லை. 2009ஆம் ஆண்டில் எண்ணியபோது கூடியவை 1200 அளவிலேயே இருந்தன. மீனவர் எவ்வளவு பொறுமையிழந்திருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். தடை தளர்த்தப்படவில்லை. 2018ஆம் ஆண்டில் மீண்டும் 7000 மீன்கள் கூடின. கலவாய் மெதுவாக வளர்ந்து பருவமடையும் மீனாதலால், நன்மையும் மெதுவாகவே வந்தது. அவ்வினம் கரீபியன் முழுவதிலும் இன்றும் அபாய நிலையிலேயே இருப்பினும், அந்த ஒரு முனையில் மட்டும் கதை திரும்பியிருக்கின்றது.

கலவாயின் நிலம் ஒரு சிறு தீவின் கரையோரம். ஓர் அரசின் ஆணைக்குட்பட்டது. ஒரு படகு சுற்றிவந்து காவல் செய்யக்கூடியது. விலாங்கின் நிலமோ எந்த அரசுக்கும் உரியதல்லாத நடுச்சமுத்திரம். சார்கசோக் கடலைக் காக்க முற்படுவோம் என்று 2014ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி பேர்மியூடாவின் ஹமில்டன் நகரில் பிரித்தானியா, அமெரிக்கா, மொனாக்கோ, அசோர்ஸ், பேர்மியூடா ஆகியன கூடிப் பிரகடனம் செய்தன. அதன்வழி ஓர் ஆணைக்குழுவும் தோன்றியது. ஆனால் அப்பிரகடனம் எவரையும் சட்டத்தாற் கட்டுப்படுத்துவதன்று. எந்நாட்டுக்கும் உரியதல்லாத பெருங்கடலிற் காப்பகங்களை ஏற்படுத்த வழிசெய்யும் சர்வதேச உடன்படிக்கை 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏற்கப்பெற்று, 2026ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. சுமாத்திராவுக்கு மேற்கேயுள்ள கடலின் பெயரும் ஒருநாள் அவ்வேட்டில் இடம்பெறலாம். இவை நல்ல முயற்சிகளே.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைப்பேற்று மனைக்கு வாயிற்காவல் வைத்துவிட்டு, அங்கே செல்லும் தெருவை வெட்டி மூடிவிட்டால் பயன் யாது? கலவாய் தன் பாறையிலிருந்து முட்டையிடும் முனைக்கு நீந்திப் போய்விடும், குறுக்கே சுவரில்லை. விலாங்கு போகவேண்டிய தெரு மலையிலே தொடங்குகின்றது.

தெரு அடைபட்டால்

பல ஆண்டுகள் ஆற்றில் உண்டு கொழுத்த விலாங்குக்கு ஒரு பருவத்தில் உடல் மாறுகின்றது. மஞ்சள் கலந்த நிறம் நீங்கி வெள்ளிநிறம் ஏறுகின்றது. ஆழ்கடல் இருளுக்கு ஏற்பக் கண்கள் பெருக்கின்றன. உணவை வெறுக்கின்றது, குடல் சுருங்குகின்றது. சேர்த்து வைத்த கொழுப்பே இனிப் பயணத்துக்குக் கட்டுச்சோறு. மழை பெருகி ஆறு கலங்கும் இருள் இரவிலே அது கீழ்நோக்கிப் புறப்படுகின்றது. அதன் வயிற்றில் இலட்சக்கணக்கான முட்டைகள் முற்றுவது கடலை அடைந்த பின்னரே.

போக வழியில்லையெனில் அது அவ்விடத்தில் முட்டையிட்டுவிடாது. பருவமடையாமலே காத்துக்கிடக்கும். சுவீடன் நாட்டின் பிரந்தெவிக் என்னும் ஊரிற் கிணறொன்றில் 2014ஆம் ஆண்டில் இறந்துகிடந்த விலாங்கை, 1859ஆம் ஆண்டிற் சிறுவனொருவன் அதில் இட்டதாக அவ்வூரார் கூறுவர். 155 ஆண்டு என்ற கணக்கை அப்படியே நம்பவேண்டுமா என்பது வேறு விடயம். கிணற்றில் அடைபட்ட விலாங்கு பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆகவே அணைக்கு மேலே ஒரு விலாங்கைக் கண்டுவிட்டு, இங்கே இவ்வினம் நலமாக உள்ளது என்று எவரும் ஆறுதலடைய முடியாது. அது சந்ததியற்ற கைதியாகவும் இருக்கலாம்.

தெருவில் இரண்டு இடர்கள். ஏறிவரும் பிள்ளைக்கு அணைச்சுவர்; இறங்கும் தாய்க்கு மின்னிலையத்துச் சுழலி. விரல்நீளக் குஞ்சு, ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் செங்குத்தான பாறையிலும் ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். உலர்ந்த சுவரிலும் பெருவேகத்துடன் பாயும் வான்கதவிலும் அதனால் ஏற இயலாது. இறங்கும் தாயின் நிலை இதனினும் கொடியது. சிறு மீன்கள் சுழலியின் அலகுகளுக்கிடையே தப்பிப் போதல் உண்டு. மூன்று நான்கு அடி நீளமுள்ள விலாங்கின் உடல் அலகில் அகப்பட்டுத் துண்டுபடுகின்றது. முட்டையோடு சேர்ந்தே தாய் மடிகின்றது.

மேல்நாட்டார் இதற்குச் செய்த பரிகாரங்கள் மிக எளியவை. சரிவாக அமைத்த ஒடுங்கிய தொட்டியில் தூரிகை மயிர் போன்ற குச்சங்களை நெருக்கமாகப் பதித்து, மேலிருந்து சிறிதளவு நீரைக் கசியவிடுகின்றனர். குச்சங்களைப் பற்றிக்கொண்டு குஞ்சுகள் இரவில் ஏறிவிடுகின்றன. இதற்கு விலாங்கு ஏணி என்று பெயர். கனடாவில் சென்ட் லோரன்ஸ் ஆற்றிலுள்ள சோண்டர்ஸ் அணையில் 1974ஆம் ஆண்டில் அமைத்த ஏணி வழியாக, 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வருடத்துக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட விலாங்குகள் ஏறின. அதே ஏணியில் 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஏறியவை சில ஆயிரமே. ஏணி பழுதுபடவில்லை, ஏறுவதற்குப் பிள்ளைகள் வரவில்லை. இறங்கும் தாய்மாருக்கு வழிசெய்யாமல் ஏறும் பிள்ளைகளுக்கு மட்டும் வழிசெய்தால் போதாதென்பதை நமக்கு இது உணர்த்துகின்றது.

நியூசிலாந்தில் கரப்பிரோ, மத்தஹினா முதலிய உயர்ந்த அணைகளின் அடியிலே குஞ்சுகளைப் பொறியிற் பிடித்து வண்டியில் ஏற்றி மேலே விடுகின்றனர். அயர்லாந்திலோ 2009ஆம் ஆண்டில் விலாங்குத் தொழிலையே அரசு நிறுத்திவிட்டது. அங்கே ஷனன் முதலிய ஆறுகளில், முன்னர் விலாங்கு பிடித்து வாழ்ந்த மீனவரே, மின்சார சபையாரின் ஊதியம் பெற்று, இறங்கிவரும் வெள்ளி விலாங்குகளை அணைகளுக்கு மேலே பிடித்து, அணைக்குக் கீழே கொண்டுபோய் உயிருடன் விடுகின்றனர். பிடித்த கையே விடுகின்ற கையாயிற்று. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுவே. மனிதர் இடையூறு செய்யாதிருந்தால் கடலுக்குப் போயிருக்கக்கூடிய வெள்ளி விலாங்கில் நூற்றுக்கு நாற்பது பங்காவது கடலை அடைதல் வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டிற் சட்டம் செய்ததும் இந்த நோக்கினாலேதான். அச்சட்டம் சார்கசோவைப் பற்றியதன்று, ஆற்றைப் பற்றியது. ஆனால் சார்கசோவைக் காப்பதும் அதுவே.

அம்பன் கங்கையின் நிலை

இனி நம் ஊருக்கு வருவோம். சுது கங்கை மாத்தளை நகரைத் தொட்டு வடக்கே சென்று அம்பன் கங்கையாகி, போவத்தன்ன நீர்த்தேக்கத்திற் புகுகின்றது. அதன் கீழே மொரகஹகந்த. நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கி அம்பன் கங்கையோடு சேரும் களு கங்கையில், லக்கலைப் பகுதியின் பல்லேகமவில் மற்றோர் அணை. இவற்றைக் கடந்த பின் எலகர அணைக்கட்டு, அங்கமெடில்ல அணைக்கட்டு, பின்னர் மகாவலி, கடைசியிற் கொட்டியாரக் குடா. மகாவலியின் நீரைப் பொல்கொல்லையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்னிலையத்துக்குக் கொண்டுவந்து சுது கங்கையில் விடும் திட்டமும் போவத்தன்ன அணையும் 1976ஆம் ஆண்டளவில் நிறைவுபெற்றன. மொரகஹகந்த அணையும் களு கங்கை அணையும் 2018ஆம் ஆண்டில் மக்கள் பாவனைக்கு வந்தன. இவ்விரண்டின் உயரமும் அறுபது மீற்றருக்கு மேற்பட்டது.

இவ்வணைகளைப் பழிப்பது என் நோக்கமன்று. வரட்சியால் வாடிய வடமத்திய மாகாணத்து வயல்களுக்கு அவை நீர் தருகின்றன. அந்நெல்லை உண்டு, அம்மின்னொளியில் இருந்தே இதனை எழுதுகின்றேன். எலகரவில் அணைகட்டிக் கால்வாய் வெட்டியவர்களும் நம் நாட்டுப் பண்டை மன்னர்களே; முதற்கண் வெட்டியவன் வசப மன்னன் என்பர். ஆற்றை மறித்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் பண்டையார் கட்டியவை தாழ்ந்த கல்லணைகள். மழைக்காலத்தில் ஆறு அவற்றின் மேலே வழிந்தோடும். கல்லிடுக்கெல்லாம் ஈரமும் பாசியும் இருக்கும். விலாங்குக்குஞ்சுக்கு அது படிக்கட்டு. இறங்கும் தாயும் வெள்ளத்தோடு வழிந்து போய்விடும். பதினெட்டு நூற்றாண்டுகளாக வேளாண்மையும் விலாங்கும் ஒரே ஆற்றில் வாழ்ந்தமை இதனாலேயாம்.

இன்று வேண்டப்படுவது அணையை இடிப்பதன்று. அணையின் அடியில், நீர் கசியும் ஓரத்தில், ஒரு பொறியும் அதனைப் பார்த்துக்கொள்ள இரண்டு மனிதரும். நீர்த்தேக்கங்களில் அரசினர் திலாப்பியாக் குஞ்சும் கெண்டைக் குஞ்சும் விடுகின்றனர். அவற்றை வளர்ப்பு நிலையங்களில் பொரிக்கலாம். விலாங்குக் குஞ்சை எந்த நிலையமும் பொரித்துத் தராது. இந்து சமுத்திரம் மட்டுமே தரும். அது தரும் குஞ்சு அணையடி வரை வந்து நின்றால், தூக்கி மேலே விடுவதற்கு ஒரு வாளி போதும். வடகீழ்ப் பருவமழைக் காலத்து இருள் இரவுகளில் நீர்த்தேக்கத்து மீனவர் வலையில் அகப்படும் பெருங்கண் வெள்ளி விலாங்கை, நியாயமான விலை கொடுத்து வாங்கி அணைக்குக் கீழே விடுவதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆனால் எலகரவிலே கொண்டுபோய் விட்ட தாய் விலாங்கை அங்கமெடில்லவில் ஒருவர் பிடித்துக் கறிசமைத்துவிட்டால் எல்லாம் வீண். ஆற்றோரத்து ஊர்கள் யாவும் ஒத்துழைத்தாலன்றி இது நடவாது. அதுவே உண்மையான தடை. ஆற்றில் நஞ்சிடுதலையும் வெடிவைத்தலையும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடுக்கின்றது. எனினும் கோடையில் குறுகிய மடுக்களில் நஞ்சிடுவோர் அடியோடு ஒழிந்துவிட்டனர் என்று எவரும் சொல்லார். ஒரு மடுவில் நஞ்சு கலந்தால், இருபது ஆண்டு வளர்ந்து கடலுக்குப் புறப்பட இருந்த தாயும் அரை மணி நேரத்தில் வெள்வயிறு காட்டி மிதக்கும்.

இவ்வேலை தொடங்குமுன் அறியவேண்டியவை பல. எந்த மாதத்தில் விரல்நீளக் குஞ்சுகள் அணையடியிற் கூடுகின்றன? அங்கமெடில்ல வரை எத்தனை வருகின்றன, எலகர வரை எத்தனை, மொரகஹகந்தவின் அடியில் எத்தனை? நாவுல, லக்கலை, இரத்தோட்டை, உக்குவளைப் பகுதிகளில் உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர்கள், ஆசிரியரும் பெரியோரும் உடனிருக்க, ஆற்றில் இறங்காமற் கரையிலிருந்தே இதனைக் கவனித்து எழுதலாம். மழை முடிந்து நீர் தெளியும் வாரங்களில், முன்னிரவிலே, அணைக்கட்டின் ஈரச் சுவரில் விளக்கொளியைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கவேண்டும். நூல்போல் நெளியும் குஞ்சு இருந்தால் நாள், இடம், நிலாவின் பிறை, எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்க. ஒன்றுமில்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பதையும் குறித்தல் வேண்டும். ஸ்மித் பதினெட்டு ஆண்டுகள் செய்த வேலையும் பெரும்பாலும் அளப்பதும் எழுதுவதுமாகவே இருந்தது.